தருமபுரிக் காட்டின் கதைகளும் அவற்றின் விலையும்

விலங்குக் கதையைத் தானே எழுதி, தானே வெளியிட்டு, தானே கூவி விற்கும் எழுத்தாளர் மின்னூல் வந்த பிறகு தோன்றியவர் அல்லர். குறைந்த விலைக்கு விலங்குக் கதை விற்பது தமிழ்நாட்டில் அச்சுத் தொழிலளவு பழமையானது. கதையைக் கொண்டுசெல்லும் பொருள் கல்லிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கைப்பேசித் திரைக்கும் மாறியிருக்கிறது. செலவை ஏற்றவர் யார், வாசகரைத் தேடிப் போனவர் யார் என்பதும் ஒவ்வொரு முறையும் அதனுடன் மாறியது.

இந்த மாற்றங்களைத் தருமபுரி மாவட்டத்தை வைத்துப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியானபின் எஞ்சிய பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர்; அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டங்களில் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே அதுதான் குறைவு. ஆக, விலங்குக் கதைக்குப் பஞ்சமில்லாத, ஆனால் புத்தகத்துக்குக் காசு ஒதுக்குவது எளிதில்லாத மண் இது. இங்கே பிறந்த கதைகள் பலவும் வெளியூரில், வேறு மொழியில், உள்ளூர்க்காரர் எட்ட முடியாத விலையில் புத்தகமாயின.

கதை முதலில் கல்லில்தான் பதிந்தது. புலியோடு பொருதி இறந்தவனுக்கும் ஆநிரை காக்கும் போரில் வீழ்ந்தவனுக்கும் நடுகல் எடுக்கும் வழக்கம், இன்றைய தருமபுரியான பழைய தகடூர் நாட்டில் ஆழ வேரூன்றியிருந்தது. புலிகுத்திக் கல் என்று மக்கள் அழைக்கும் கற்களில் ஒரு மனிதனும் ஒரு புலியும் எதிரெதிரே நிற்பார்கள். சிலவற்றில் இரண்டு மூன்று வரி எழுத்தும் இருக்கும். அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதியில், எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் எருமை மந்தையைக் காத்து இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுத்து சொல்கிறது. ஒரு விலங்கைப் பெயர் சொல்லி, அதன் செயலை நிகழ்ச்சியாகக் கூறும் சிறுகதைக்கான கூறுகள் அத்தனையும் அந்தச் சில சொற்களில் அடங்கியிருக்கின்றன. கல்லுக்கு ஆன செலவு உறவினருடையது அல்லது ஊருடையது. பார்க்க வந்தவர் எவரும் விலை கொடுக்கவில்லை.

சொல்லால் வாழ்ந்தவர்களின் நிலை வேறு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் யானையோடு ஒப்பிட்ட பாடல் புறநானூற்றில் 94ஆவதாக இருக்கிறது. ஊர்ச் சிறுவர் தந்தத்தைக் கழுவ இடங்கொடுத்து நீரில் கிடக்கும் யானையும், மதம் கொண்ட யானையும் ஒரே மன்னனின் இரு முகங்களாக அதில் வருகின்றன. யானையை அருகிலிருந்து பார்த்துப் பழகிய கண் அந்தப் பாடலில் தெரிகிறது. அக்காலப் புலவருக்கும் பாணருக்கும் புரவலனே சந்தை. தங்கள் கலையை எங்கே கொண்டுபோனால் பரிசில் கிடைக்கும் என்று ஒருவர் மற்றவருக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை என்ற தனி இலக்கிய வகையானது. படைப்பாளி தன் படைப்பைத் தானே சுமந்து திரிவது இழுக்கு என்ற எண்ணம் அன்றைக்கு இருந்ததில்லை.

அச்சு வந்ததும் விலங்குக் கதை பாடநூலாக உள்ளே நுழைந்தது. சென்னைக் கல்விச் சங்கம் என்று அறியப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிய தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளியானது. கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்கவே அது அச்சானது. 1835இல் அச்சகம் வைத்துக்கொள்ளும் சட்டத் தடைகள் நீங்கியபின், நரியும் காகமும் ஆமையும் கல்லூரியை விட்டுத் தெருவுக்கு வந்தன. இரத்தின நாயகர் போன்ற சென்னைப் பதிப்பாளர்கள் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் ஒருவர் படிக்கச் சுற்றியிருந்து கேட்பவரையும் கருதி அச்சிடப்பட்டவை. காகிதம் மட்டம், அட்டையில் ஒரு மரச்செதுக்குப் படம், விலை அணாக் கணக்கு. பஞ்சதந்திரம், விக்கிரமாதித்தன் கதை, கிளி சொல்லும் கதைகள் என விலங்கும் பறவையும் பேசும் கதைகள் இப்பட்டியலில் நீண்ட காலம் விற்றன. அவற்றை எழுதியவர் பெயர் பெரும்பாலும் முக்கியமாகக் கருதப்படவில்லை, ஆதாயம் அச்சிட்டவருக்கு.

எழுதியவரே விற்பவராகவும் இருந்த இன்னொரு கிளை அதனருகிலேயே ஓடியது. எட்டு அல்லது பதினாறு பக்கம் கொண்ட குஜிலிப் பாட்டுப் புத்தகங்களை அவற்றைக் கட்டிய புலவர்களே அச்சிட்டு, தெருமுனையிலும் சந்தையிலும் ரயிலிலும் பாடிக்காட்டி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்கள். வெள்ளம், விபத்து, கொலை, தேசியப் போராட்டம் எல்லாமே அவற்றுக்குப் பொருளாயின. இந்த உலகை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். முதற்பாட்டை இலவசமாகப் பாடிக் கேட்பவரை நிறுத்துவது, மிச்சத்துக்குக் காசு கேட்பது என்ற முறையை இன்றைய மின்னூல் எழுத்தாளர் அறியாமலேயே தொடர்கிறார். மின்னூல் கடைகளில் முதல் சில பக்கங்களை விலையின்றிக் காட்டும் வசதிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி தமிழில் இல்லை.

தருமபுரிக்குச் சென்னை அச்சுப் பொருள்கள் எளிதாக வந்து சேர ரயில் உதவியது. சென்னை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறும்பாதை போடப்பட்டது, 1913இல் அது ஓசூர்வரை நீண்டது, 1941இல் மூடப்பட்டது. அந்தப் பாதை ஓடிய காலத்தில்தான் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் குடியேறினார். 1913இல் சென்னையிலிருந்து ‘ஞானபாநு’ இதழை நடத்தியவர் அவர். எழுத்து, அச்சு, விற்பனை மூன்றையும் ஒரே ஆள் சுமந்த தலைமுறையின் மனிதர். தொழுநோயைக் காட்டி அவருக்கு ரயில் பயணம் மறுக்கப்பட்டபோதும் நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அவர் விலங்குக் கதை எழுதியவர் அல்லர். ஆனால் தன் எழுத்துக்குத் தானே கால்களாக இருந்த எழுத்தாளருக்கு இம்மாவட்டம் தரக்கூடிய முதல் சான்று அவர்தான்.

இதற்குச் சற்று முன்பு இங்கிலாந்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள், மலிவு விலை விலங்குக் கதையின் இரண்டு தலைவிதிகளைக் காட்டுகின்றன. அன்னா சூவல் என்ற நோயாளிப் பெண், ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக எழுதிய ‘பிளாக் பியூட்டி’ 1877இல் வெளியானது. பதிப்பாளரிடமிருந்து அவர் பெற்றது ஒரே தவணையாக 40 பவுண்டு. சில மாதங்களில் இறந்தும் போனார். 1890இல் அமெரிக்காவில் விலங்கு நல இயக்கத் தலைவர் ஜார்ஜ் ஏஞ்சல் அதை மிகக் குறைந்த விலையில் அச்சிட்டு லட்சக்கணக்கில் பரப்பினார். வெளிநாட்டவரின் பதிப்புரிமையை அமெரிக்கச் சட்டம் ஏற்றதே 1891இல்தான் என்பதால் எவருக்கும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. குதிரைகளை நடத்தும் முறையில் அந்தப் பதிப்பு பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. எழுதியவர் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை.

பியாட்ரிக்ஸ் பாட்டர் வேறு வழியில் போனார். ‘பீட்டர் ராபிட்’ என்ற முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பியனுப்ப, 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். சிறு கைக்கு அடங்கும் அளவு, குழந்தையின் சேமிப்பில் வாங்கக்கூடிய விலை என்ற இரண்டிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். தெரிந்தவர்களுக்கு விற்றே அவை தீர்ந்து, மறுபடி 200 அச்சிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான், 1902இல், வார்ன் நிறுவனம் அதை ஏற்று வெளியிட்டது. மறு ஆண்டே முயல் பொம்மைக்கும் அவர் காப்புரிமை பதிவு செய்தார். விலையைத் தாழ்த்தியவர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மலிவு விலையில் தன் நூலை விற்க முனையும் எந்த எழுத்தாளருக்கும் இந்த வேறுபாடு இன்றும் முதல் பாடம்.

தருமபுரிக் காடுகளை உலக வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த இவர் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றினார். விடுமுறைகளைக் காட்டில் கழித்தார். தமிழும் கன்னடமும் பேசினார். வேட்டை எழுத்தாளர் ஜிம் கார்பெட் குமாயூன் மலைகளுக்குச் செய்ததை இவர் காவிரி, சின்னாறு, மோயாறு சூழ்ந்த தென்னிந்தியக் காடுகளுக்குச் செய்தார். இவருடைய முதல் நூல் 1954இல் லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு வெறி யானையையும் பற்றியது என்று தலைப்பே சொல்லும். அந்த யானை பனைப்பட்டி யானை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கும் ஊட்டமலைக்கும் இறங்கும் சாலை, முண்டச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஆள் பிடித்த புலி, சின்னாற்று மணலில் காத்திருந்த இரவுகள் எல்லாம் இவர் நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அப்போது இவையெல்லாம் சேலம் மாவட்டம். புகழ்பெற்ற சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையும் ஜவளகிரிப் புலியும் உலவிய இடங்கள் இன்றைய கிருஷ்ணகிரிப் பக்கம் சேர்ந்துவிட்டன.

ஆண்டர்சனின் எழுத்தை வேட்டை நினைவு என்று வகைப்படுத்துவதே வழக்கம். ஆனாலும் அதன் கட்டுமானம் சிறுகதையினுடையது. முதலில் விலங்கின் வரலாறு. அது ஏன் மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்பதற்கு ஒரு காயம், ஒரு துப்பாக்கிக் குண்டு, ஒரு முள்ளம்பன்றி முள். பிறகு ஊராரின் அச்சம், காத்திருப்பு, தவறிய வாய்ப்பு, முடிவு. பேச்சும் இரவின் ஒலியும் நாடகத் தன்மையோடு விரியும். நடந்ததற்கும் புனைந்ததற்கும் இடையே கோடு எங்கே என்று வாசகர்கள் விவாதித்துக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கட்டுமானமே காரணம். அவர் எழுத்தின் உண்மையான வலிமை விலங்கை எதிரியாக மட்டும் காணாத பார்வையில் இருக்கிறது. காட்டுவாசியான பைராவும் பென்னாகரத்து ரங்காவும் அவருடைய கதைகளில் துணைப் பாத்திரங்களாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தடம் பார்ப்பதிலும் காற்றின் திசை அறிவதிலும் அவர்களே ஆசிரியர்கள் என்பதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. காலனியக் கால வேட்டை எழுத்தில் இந்த நேர்மை அரிது.

ஆனால் அந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. லண்டனில் அச்சாகி, லண்டன் விலைக்கு விற்றன. பைரா போன்றவர்கள் தாம் இடம்பெற்ற பக்கங்களைப் படித்திருக்க வழியில்லை. பின்னாளில் இந்தியப் பதிப்பாளர்கள் மலிவான தொகுப்புகளாக வெளியிட்டபோதும் மொழி வேலி அப்படியே இருந்தது. ஒரு மாவட்டத்தின் காட்டு நினைவு முழுவதும் அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் அரை நூற்றாண்டு இருந்துவிட்டது பெரிய இழப்பு.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு ஆண்டர்சன் எழுதிய வகையும் முடிவுக்கு வந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைந்து கதையோடு வெளிவர இனி இடமில்லை. அடுத்த மூன்று தசாப்தங்களில் பென்னாகரத்திலிருந்து சத்தியமங்கலம்வரை காடுகள் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் பெயரால் அறியப்பட்டன. 2004 அக்டோபர் 18 அன்று அவர் கொல்லப்பட்டதும் பாப்பாரப்பட்டி அருகில்தான். தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் தங்கிக் கவனித்து எழுதுவது நடைமுறையில் இயலாததாயிற்று.

அந்த இடைக்காலத்தில் தமிழ் வாசகருக்குக் குறைந்த விலையில் விலங்கு இலக்கியம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், சில ரூபாய் விலை. கரடியும் ஓநாயும் வரும் குழந்தைக் கதைகளோடு, சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘குல்சாரி’யும் பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பில் அப்படித்தான் கிடைத்தது. தன் முதிய குதிரை சாகும் இரவில் ஒரு கிர்கீசியக் கிழவர் திரும்பிப் பார்க்கும் வாழ்க்கை அது. அந்த விலை சோவியத் அரசு ஏற்ற செலவால் வந்தது. 1991இல் அந்த அரசு மறைந்ததும் விலையும் மறைந்தது.

1990களின் பெரும்பகுதியைத் தருமபுரி மாவட்டத்தில் தொலைபேசித் துறை ஊழியராகக் கழித்தவர் எழுத்தாளர் ஜெயமோகன். இங்கிருந்து போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் எழுதிய ‘யானை டாக்டர்’ தமிழ் விலங்குக் கதையின் விற்பனை வரலாற்றில் தனி இடம் பெற்றது. முதுமலையிலும் ஆனைமலையிலும் யானைகளுக்கு மருத்துவம் பார்த்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட நெடுங்கதை அது. சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப்போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி, அது நாள்கணக்கில் துடிக்கும் பகுதி படித்தவரை விடாது. சுற்றுலாச் சாலை காட்டை ஊடறுக்கும் எந்த மாவட்டத்துக்கும், ஒகேனக்கல் சாலை உட்பட, அந்தப் பகுதி பொருந்தும்.

கதை முதலில் இணையத்தில் விலையின்றி வெளியானது. பிறகு ‘அறம்’ தொகுப்பில் அச்சாயிற்று. அதன்பின் ஜெயமோகன் இந்த ஒரு கதைக்கு மட்டும் உரிமையை விட்டுக்கொடுத்தார்: எவரும் அச்சிடலாம், விற்கலாம், இலவசமாகக் கொடுக்கலாம். அமைப்புகளும் தனிமனிதர்களும் அதைச் சிறு நூலாக அச்சிட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கொடுத்தார்கள். மலையாளத்தில் பல பதிப்பாளர்கள் தனித்தனியே வெளியிட, கேரளத்தில் அது பெரும் எண்ணிக்கையில் பரவியது. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் துணைப்பாடமாகவும் இடம்பெற்றது. சூவலின் குதிரைக் கதை அமெரிக்காவில் பரவிய அதே வேகம், வேறுபாடு ஒன்றே. இங்கே கொடுத்தவர் அறிந்து, விரும்பிக் கொடுத்தார். ஒரு கதையைப் பொதுவில் விட்டு மற்றவற்றின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது அறமும் தொழில் தெளிவும் சேர்ந்த முடிவு. அந்தக் கதை வழியாக அவருடைய பிற நூல்களுக்கு வந்து சேர்ந்த வாசகர்கள் ஏராளம்.

மின்னூலின் பாதை இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் கணினிக்குக் கொண்டுவந்தது. 2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ வாழும் எழுத்தாளர்களைத் தேடிப் போனது. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் எழுத்தாளரே தன் நூலை அளிக்க, கைப்பேசிக்கும் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலுக்கும் ஏற்ற வடிவங்களில் அது விலையின்றிக் கிடைத்தது. தமிழுக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு. 1949இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கி, அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இங்கே நிலைத்துவிட்டது. ஆகவே விலையில்லா நூல் என்றால் மட்டமான நூல் என்ற எண்ணம் தமிழ் வாசகரிடம் வேர்விடவில்லை.

விற்பனைக்கான மின்னூலில் திருப்பம் 2016 டிசம்பர். அமேசான் நிறுவனம் கிண்டிலில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளுக்கு அப்போது இடம் கொடுத்தது. அதுவரை அச்சில் ஒரு நூல் வெளியிட வேண்டுமானால் ஆயிரத்தை ஒட்டிய பிரதிகளும், தாள் விலையும், நூலக ஆணைக்கான காத்திருப்பும் எழுத்தாளரின் முன் நின்றன. ஐம்பது பக்க யானைக் கதையை எந்தப் பதிப்பாளரும் தனி நூலாக எடுக்க மாட்டார். முதுகில் தலைப்பு அச்சிடக்கூட இடமிராது. மின்னூலில் பக்க எண்ணிக்கை தடையில்லை. 49 ரூபாய், 99 ரூபாய் என்ற விலைகளில் சிறு கதைகள் தனித்து விற்கத் தொடங்கின. விலங்குக் கதை இயல்பாகவே குறுகியது. ஒரு விலங்கு, ஒரு சிக்கல், ஒரு முடிவு. ஆகவே இந்த வடிவம் அதற்கு மிகவும் ஒத்துவந்தது.

இதன் வரவுசெலவு எளிமையாகத் தோன்றினாலும் உள்ளே நுணுக்கங்கள் உண்டு. அமேசானில் விலையில் 35 அல்லது 70 விழுக்காடு எழுத்தாளருக்கு. இந்தியாவில் 70 விழுக்காடு பெற, நூலின் மின்வடிவத்தை வேறெங்கும் வெளியிடுவதில்லை என்ற ஒப்பந்தத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் ஐந்து நாட்கள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் 2015 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் வாசகர் படித்த பக்கங்களின் கணக்கில் பணம் வரும். அந்த ஐந்து இலவச நாட்களே தமிழ் எழுத்தாளரின் முக்கிய விளம்பரக் கருவியாயின. முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அட்டைப்படத்தோடு செய்தி பறக்கும்; தரவிறக்கியவர் இரண்டு வரி கருத்து எழுதுமாறு வேண்டுகோள் வரும். 2018இல் அமேசானின் ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழும் சேர்க்கப்பட்டபோது இந்தச் சுயவிளம்பரம் உச்சத்துக்குப் போனது.

வரி விதியில் ஒரு குறை தானே வெளியிடுபவரை நேராகத் தாக்கியது. அச்சு நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. 2018 ஜூலையில் மின்னூல் வரி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, அச்சுப் பதிப்பும் உள்ள நூல்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை கிடைத்தது. அச்சுக்குப் போக வசதியில்லாமல் மின்னூலை மட்டும் நம்பியவருக்கு 18 விழுக்காடே நீடித்தது. வசதி குறைந்தவர் கூடுதல் வரி சுமக்கும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல முடியாது.

மலிவு விலை தானாகவே வாசகரைக் கொண்டுவந்துவிடவில்லை. பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதிலிபி போன்ற செயலிகளில் கதைகள் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே குடும்பத் தொடர்களுக்கு உள்ள ஈர்ப்பு யானைக்கும் நரிக்கும் இல்லை. மறுபுறம், பெருமாள்முருகன் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை நாயகியாக்கி 2016இல் எழுதிய ‘பூனாச்சி’ அச்சு நூலாகவே பல மொழிகளுக்குப் போனது. எழுத்தின் தரமும், நல்ல பதிப்பாளரின் உழைப்பும், மொழிபெயர்ப்பாளரின் கையும் சேர்ந்தால் விலங்குக் கதைக்கு விலை தடையாவதில்லை என்பதற்கு அது சான்று. தருமபுரி நகரில் தகடூர் புத்தகப் பேரவையின் முயற்சியால் 2018இல் தொடங்கிய புத்தகத் திருவிழா, அச்சு நூலுக்கான தாகம் இந்த மாவட்டத்தில் எவ்வளவு என்பதைக் காட்டியது. இங்கே மின்னூல் அச்சுக்குப் போட்டியாக வரவில்லை. அச்சுக்கு வர முடியாத சிறு கதைக்கு அது ஒரு வாசல்.

எழுத வேண்டிய பொருளுக்கு இன்றும் குறைவில்லை. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மார்ச் மாதமே மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதே மாதம் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட இன்னொரு குட்டியைப் பராமரிக்கத் தெப்பக்காடு யானைகள் முகாமிலிருந்து பாகன் பொம்மன் வந்து அழைத்துப்போனார். அவர் இடம்பெற்ற ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் ஆஸ்கர் வென்ற நாட்கள் அவை. குட்டி சில நாட்களிலேயே இறந்தது. இந்த நிகழ்ச்சிகள் செய்தியாக வந்து போயின. காட்டோரத்து உழவரின் பயத்தையும் யானைக் கூட்டத்தின் துயரையும் ஒரே கதைக்குள் கொண்டுவரக்கூடியவர், அந்த வேலியின் இரு பக்கமும் அறிந்த உள்ளூர் எழுத்தாளர்தான். அவர் கையில் இருக்கும் கைப்பேசியே அவருக்கு அச்சகமாகவும் கடையாகவும் அமையும் காலம் இது.

பழைய நூல்களுக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1955இல் இறந்த ஜிம் கார்பெட்டின் நூல்கள் 2016 தொடக்கத்தில் பொதுவுடைமையாகிவிட்டன. எவரும் அவற்றைப் புதிதாகத் தமிழாக்கி மலிவு மின்னூலாக வெளியிடலாம். கென்னத் ஆண்டர்சன் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கு அந்த நாள் 2035 ஜனவரி 1. அவர் இறந்தபின் 1976இல் வெளியான கடைசித் தொகுப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூடுதல். அதற்கு முன் தமிழில் கொண்டுவர விரும்புவோர் உரிமை பெற்றே வெளியிட வேண்டும்.